தாயகம் திரும்பியவர் அகதி அல்லர்

கோத்தகிரிப் பக்கத்தில் எங்கள் லைனில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வசிக்கும் பாட்டி ஒருவர், போன மாதம் பிளாஸ்டிக் பையொன்றை மடியில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பேரனின் கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் 'இலங்கை அகதி' என்று எழுதிவிட்டாராம். "நாங்க பாஸ்போர்ட்டு வாங்கிக்கிட்டுல்ல வந்தோம், அப்புறம் எப்படித் தம்பி அகதி?" என்றார். பையில் 1972-இல் இலங்கையின் தலைமன்னார்த் துறையில் முத்திரை குத்திய இந்திய பாஸ்போர்ட் இருந்தது. அதன் உள்பக்கத்தில் மூன்று பிள்ளைகளின் பெயர்கள் மையால் எழுதப்பட்டிருந்தன. கூடவே, மடிப்பில் கிழிந்து ஒட்டுப்போட்ட, இராமேசுவரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் முகாமில் தந்த குடும்ப அட்டை.

பாட்டி கேட்டது சட்டப்படியும் சரியான கேள்வி. 1948-இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான மலையகத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதாவது, எந்த நாடும் தன் குடிமகன் என்று ஏற்காதவர்கள். 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்க இந்தியாவும், 3,00,000 பேரை ஏற்க இலங்கையும் ஒப்புக்கொண்டன. (மனிதர்களைக் கொழுந்து மூட்டைபோல நிறுத்துப் பிரித்தார்கள் என்று என் தாத்தா சொல்வார்.) இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்கள், 1955-ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்கீழ், பதிவு மூலம் இலங்கையில் இருந்தபடியே குடியுரிமை பெற்று, அதன்பிறகே கப்பலேறினார்கள். ஆகவே இராமேசுவரத்தில் இறங்கும்போதே அவர்கள் இந்தியக் குடிமக்கள். 'தாயகம் திரும்பியோர்' என்ற அரசுச் சொல்லுக்கு இதுவே பொருள். டான்டீ எனும் தமிழக அரசு நிறுவனத்தின் தேயிலைத் தோட்டங்களில் வேலை கொடுத்ததும் இந்த அடிப்படையில்தான்.

அகதி என்பது வேறு. உயிருக்கு அஞ்சி எல்லை தாண்டி, வேறொரு நாட்டின் பாதுகாப்பில் இருப்பவர் அவர். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. எனவே 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களை அரசு முகாமில் வைத்துப் பராமரித்தாலும், உரிய பயண ஆவணம் இல்லாமல் வந்தவர் என்ற காரணத்தால், குடியுரிமைச் சட்டம் அவர்களைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல்லுக்குள் தள்ளிவிடுகிறது. அந்தச் சொல் ஒட்டிக்கொண்டால் பதிவு மூலமும் குடியுரிமை கேட்க முடியாது, பல்லாண்டு வசித்ததைக் காட்டி இயல்புரிமையாகவும் கேட்க முடியாது. இருப்பதிலேயே கொடிய சொல் இதுதான் என்பேன்.

பாட்டியின் தங்கை குடும்பம் அப்படிப் படகில் வந்ததுதான். தங்கைக்கு முகாமில் பிறந்த பிள்ளைகள் இரண்டு பேர்: ஒருவன் 1986, மற்றவன் 1991. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன் என்பது பொது விதி. அந்த நாள் முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஒரே தாய் வயிற்றில் பிறந்தும் அண்ணனுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, தம்பிக்கு இல்லை.

பேரனின் படிவத்துக்குத் திருத்த மனு எழுதி, பாஸ்போர்ட்டிலும் குடும்ப அட்டையிலும் இரண்டிரண்டு நகல் எடுத்து இணைத்தேன். மனுவில் 'அகதி' என்பதை அடித்து, 'இந்தியக் குடிமகன், தாயகம் திரும்பியோரின் வழித்தோன்றல்' என்று எழுதினேன். அசல்களை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள் என்று பாட்டியிடம் இரண்டு முறை சொன்னேன். அவர் அதற்குள் பையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.