எட்டுச் சக்கரமும் தரையில் நின்றது: இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320

மூன்றாவது தடவைதான் என் மாடல் விமானத்தின் கால் நேராக நின்றது. நிஜத்தில் 144-ல் ஒரு பங்கு அளவுள்ள (1/144) ஏர்பஸ் ஏ320 பிளாஸ்டிக் கிட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரம்தான் வரும். இந்தியன் ஏர்லைன்ஸ் 1989-ல் இறக்கிய ஏ320-க்கோ நான்கு. நம் ஊர் ஓடுதளங்கள் தாங்கவேண்டுமே என்று பாரத்தைப் பிரித்துப் போடக் கேட்டு வாங்கிய ஏற்பாடு. அதை விட்டுவிட்டு வாலில் ஆரஞ்சு மட்டும் அடித்தால், வேறு யாரோ வேஷம் கட்டிய மாதிரிதான் இருக்கும்.

கிட்டில் நான்கு இருக்கிறது, மீதி நான்கை வார்க்கவேண்டும். வேலூர் மாதிரி ஆஸ்பத்திரி ஊரில் இருப்பதில் ஒரு லாபம்: பல் டாக்டர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் அச்சு எடுக்கும் 'புட்டி' என்ற பசைமாவு கிடைக்கிறது. சப்பாத்தி மாவு போலப் பிசைந்து சக்கரத்தை அமுக்கினால் ஐந்து நிமிஷத்தில் அச்சு தயார். "எத்தனை பல்லு சார்?" என்றார் கடைக்காரர். "நாலு சக்கரம்ணே" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

முதல் தடவை, அச்சில் ஊற்றி இறுகவைக்கும் ரெசின் முழுக்கக் குமிழி. வேலூர் வெயிலில் மத்தியானம் ஊற்றினால் குமிழி மேலே வருவதற்குள் இறுகிவிடுகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஊற்றினேன், சுத்தமாக வந்தது. இரண்டாவது தடவை சூப்பர் க்ளூ காலை வாரியது. சக்கரத்தைக் கோத்த குண்டூசி கோணி, ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. இந்த முறை எட்டையும் முதலில் கண்ணாடித் துண்டில் டேப் போட்டு ஒட்டி, மெதுவாக இறுகும் எபாக்சி பசை வைத்து, ராத்திரி முழுக்கத் தொடவில்லை. தொடாமல் இருந்ததுதான் கஷ்டம்.

என்ஜின் இன்னும் பாக்கி. கிட்டில் வருவது சிஎஃப்எம் ரக என்ஜின், இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வேண்டியது வி2500 ரகம். ரெசின் செட்டுக்குப் பணம் கட்டி ஆறு வாரம் ஆகிறது, பார்சலைக் காணோம். வாலுக்கு டெக்கால் (ஒட்டுப்படம்) வேண்டாம். லேசர் பிரிண்டரில் வெள்ளை வராது. முதலில் வெள்ளை அடித்து, 'ஐஏ' எழுத்தை மாஸ்கிங் டேப்பில் வெட்டி ஒட்டி, மேலே ஆரஞ்சு. 2005-ல் பெயர் 'இந்தியன்' ஆகி வாலில் கோனார்க் சக்கரம் ஏறியதே, அது நமக்கு வேண்டாம்.

இது முடிவதற்குள் 1976-ல் வந்த ஏ300 மேல் கண் போய்விட்டது. 1953-ல் எட்டுக் கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸைத் தொடங்கிய காலத்து டகோட்டா விமானமும் வேண்டும். ஏ300-க்கு இறக்கை மட்டும் 31 செ.மீ. வருகிறது. என் அலமாரித் தட்டு 30.