ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கனம்

ஷாகுஹாச்சி என்ற ஜப்பானியக் குழலோடு வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய, கீழ்ச் சுருதித் தந்தி வாத்தியம்) வாசிக்கிறேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது, "அதோடு சுருதி எப்படிச் சேரும்?" என்றுதான். நியாயமான கேள்வி. அது மூங்கிலின் அடிக்கட்டையில் ஐந்தே துளை போட்ட குழல்; சாவி கிடையாது, சீவாளி கிடையாது. நாங்களோ தந்தி வாத்தியக்காரர்கள், மயிரிழை பிசகினாலும் முகம் சுளிப்பவர்கள். ஆனால் டோக்கியோவில் கூப்பிட்ட இடத்துக்குப் போய் வாசிக்கிற வியோலாக்காரியாக இத்தனை வருஷம் இருந்ததில் சொல்கிறேன், சுருதி அவ்வளவு பெரிய தலைவலி இல்லை.

இங்கே இசைக்குழுக்கள் பெரும்பாலும் மேற்கத்திய இசையின் ஏ ஸ்வரத்தை 442 ஹெர்ட்ஸில் வைத்துத்தான் கூட்டுகின்றன. குழல் செய்பவர்களும் அதை மனதில் வைத்தே செய்துதருகிறார்கள். அரங்கம் சூடேறினால் மட்டும் ஒரு வேடிக்கை நடக்கும். குழலுக்குள் இருக்கும் காற்று சூடாகிச் சுருதி மேலே போகும். எங்கள் தந்திகள் தளர்ந்து கீழே வரும். ஒரு டிகிரிக்குக் குழல் சுமார் மூன்று சென்ட் நகரும், அதாவது அரை ஸ்வரத்தில் நூற்றில் மூன்று பங்கு. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் ஷாகுஹாச்சிக்காரர் மோவாயைக் கொஞ்சம் தாழ்த்தினால் அதைவிடப் பல மடங்கு இறக்கிவிடுவார். அவருக்கு அது ஒரு வேலையே இல்லை.

உண்மையான சிக்கல் வேறு. அந்தக் குழலில் எல்லா ஸ்வரமும் ஒரே எடை இல்லை.

வழக்கமான குழல் பழைய ஜப்பானிய அளவில் ஒரு ஷாகு எட்டு சுன் நீளம், ஏறக்குறைய 54.5 சென்டிமீட்டர். எல்லாத் துளையையும் மூடினால் டி. ஒவ்வொன்றாகத் திறந்தால் எஃப், ஜி, ஏ, சி. இந்த ஐந்தும் நிமிர்ந்து, பளிச்சென்று பேசும். நடுவில் உள்ள மற்ற ஸ்வரங்களுக்குத் துளையைப் பாதி மூடி, மோவாயை இறக்கி ஊத வேண்டும். அதற்கு மெரி என்று பெயர். மெரியில் சுருதி மட்டும் இறங்குவதில்லை, ஒலியே மங்கிக் கறுத்துப்போகும். எவ்வளவு முக்கினாலும் அதை உரக்க ஊத முடியாது. "தலையாட்ட மூன்று வருஷம், கொரோ கொரோவுக்கு எட்டு வருஷம்" என்று ஷாகுஹாச்சிக்காரர்களிடையே ஒரு பழமொழி உண்டு. (கொரோ கொரோ என்பது இரண்டு துளைகளில் மாறி மாறி விரலடித்து எழுப்பும் உருட்டல்.) மோவாய் வேலை எவ்வளவு பெரிய வேலை என்பதை இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

சரி, இதை வைத்துக்கொண்டு ஒரு இசையமைப்பாளர் என்ன செய்கிறார்? பியானோவில் உட்கார்ந்து எழுதுகிறார். உச்சக்கட்டத்தில் தந்தி வாத்தியக்காரர்கள் நால்வரும் முழு வில்லோடு பல ஸ்வரங்களைச் சேர்த்துப் பெரிய கார்டு போட, மேலே குழல் ஈ ஃப்ளாட்டில் முழங்குவதாக ஸ்கோரில் இருக்கும். ஈ ஃப்ளாட் அசல் மெரி ஸ்வரம். ஒத்திகையில் அந்த இடம் வந்தது. எங்கள் நால்வரின் சத்தத்துக்கு அடியில் சென்செய் (ஆசிரியர் என்று பொருள்; ஷாகுஹாச்சிக்காரரை அப்படித்தான் அழைப்போம்) கன்னம் சிவக்க ஊதிக்கொண்டிருந்தது பார்வைக்குத் தெரிந்தது, காதுக்கு வரவில்லை. முதல் வயலின்காரர் நிறுத்தி, "மைக் வைத்துவிடலாமா?" என்று கேட்டார். சென்செய் குழலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மைக் வைத்தால் சின்னச் சத்தம் பெரிதாகும், பெரிய சத்தம் ஆகாது. வியோலா-சான், நீங்கள் எல்லாரும் இங்கே இறங்கி வாருங்கள்." இறங்கினோம். உச்சக்கட்டம் முழக்கமாக இல்லாமல் திடீரென்று உள்ளே இழுத்துக்கொள்கிற மாதிரி ஆனது. இசையமைப்பாளர் கொஞ்சநேரம் ஸ்கோரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'உரக்க' என்று சொல்லும் ஃபோர்ட்டே குறியை அடித்துப்போட்டார்.

எல்லா ஸ்வரமும் ஒரே கனத்தில் ஒலிக்க வேண்டும் என்பது மேற்கத்திய வாத்தியங்களின் கொள்கை. தியோபால்ட் போம் 1847-இல் புல்லாங்குழலை உருளைக் குழாயாக்கி, பெரிய துளைகளும் சாவிகளும் வைத்தது அதற்காகத்தான். ஜப்பானிலும் அதே சாவிகளை ஷாகுஹாச்சியின் ஊதுவாயோடு சேர்த்து, போருக்கு முன்பு ஓகுரா கிஷிசிரோ என்ற பிரபு ஓக்ராவுலோ என்று ஒரு உலோக வாத்தியம் செய்ய வைத்தார். எல்லா ஸ்வரமும் சுளுவாக வந்தது. நிலைக்கவில்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன். வியோலாவின் நான்கு தந்திகள் சி, ஜி, டி, ஏ. மேலே சொன்ன ஐந்து திறந்த ஸ்வரங்களில் எஃப் தவிர நான்கும் இவைதான். அதனால் சென்செய் ஏ ஊதும்போது நான் வில்லைத் தூக்கி வைத்திருந்தாலும் என் ஏ தந்தி தானாகச் சிணுங்கும். மோவாய்க்கட்டை வழியாகவே தெரியும். இது சுகமான செய்தி. சுகமில்லாத செய்தி, அவருடைய கீழ் ஸ்தாயி முழுக்க என் மேல் இரண்டு தந்திகள் இருக்கும் அதே இடத்தில் விழுவது. நான் என் இயல்புப்படி வாசித்தால் அவருடைய மெரி எல்லாம் காணாமல் போகும். ஆகவே வில்லை, தந்திகளைத் தாங்கும் பாலத்தை விட்டு, விரல் வைக்கும் ஃபிங்கர்போர்டுப் பக்கம் நகர்த்துவேன். அழுத்தம் குறைப்பேன், ஆனால் வில்லின் வேகத்தைக் குறைக்க மாட்டேன்; குறைத்தால் ஒலி செத்துவிடும். இடக்கை வைப்ரேட்டோவை முழுசாக நிறுத்துவேன். அவர் யூரி என்று தலையை அசைத்து அசைவு கொடுப்பார். அது மெதுவாகத் தொடங்கிப் பெருகும். அதன் பக்கத்தில் எங்கள் விரல் நடுக்கம் கொசு ரீங்காரம்போல இருக்கும்.

சேர்ந்து தொடங்குவது இன்னொரு பாடு. தந்தி நால்வர் குழுவில் முதல் வயலின்காரர் மூக்கால் இழுக்கும் மூச்சுதான் எங்களுக்குத் தாளம். அந்த மூச்சின் நீளத்திலேயே காலப்பிரமாணம் தெரிந்துவிடும். ஷாகுஹாச்சிக்காரர் சத்தமில்லாமல் மூச்சை நிரப்பிக்கொண்டு சும்மா இருப்பார். எப்போது வரும் என்று மூச்சை வைத்துச் சொல்ல முடியாது. மரபான வாசிப்பில் நாக்கால் தட்டும் வழக்கமும் இல்லை. ஒரே ஸ்வரம் திரும்ப வந்தால் விரலால் துளையைத் தட்டித்தான் பிரிப்பார்கள். அதனால் நான் அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு விரலைப் பார்க்கிறேன். சென்னையில் சின்ன வயதில் புல்லாங்குழல் கச்சேரிக்குப் பக்கவாத்தியமாக வயலின் வாசித்த பழக்கம் இங்கே கைகொடுக்கிறது. குழலுக்கு ஒரு நூல் பின்னால் நிழல்போலப் போவது நமக்குப் புதிதில்லை. கூட இருக்கும் மூவருக்கும் அந்த 'பின்னால்' என்பதே தப்பாகப் படுகிறது!

இந்த ஜோடிக்கு முன்கதை உண்டு. இசையமைப்பாளர் மியாகி மிச்சியோ 1929-இல் கோட்டோ என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியத்துக்கும் ஷாகுஹாச்சிக்கும் 'ஹாரு நோ உமி' எழுதினார். புத்தாண்டில் இங்கே எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அதுதான் ஓடும். 1932-இல் ஜப்பான் வந்த பிரெஞ்சு வயலின் கலைஞர் ரெனே ஷெமே, ஷாகுஹாச்சி பாகத்தை வயலினில் எடுத்து மியாகியோடு வாசித்தார். இசைத்தட்டும் வந்தது, வெளிநாடுகளிலும் பெயர் பரவியது. அழகான வாசிப்புதான். ஆனால் குழலில் மங்கி ஒலிக்க வேண்டிய இடங்கள் வயலினில் பளபளக்கின்றன. இசையமைப்பாளர் டாக்கெமிட்சு தோரு எதிர்த்திசையில் போனார். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் 125-ஆம் ஆண்டுக்காக அவர் எழுதிய 'நவம்பர் ஸ்டெப்ஸ்' 1967 நவம்பர் 9 அன்று ஒசாவா செய்ஜி நடத்த அரங்கேறியது. ஷாகுஹாச்சி யோகோயாமா கட்சுயா, பிவா என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியம் சுருதா கின்ஷி. அதில் குழலையும் இசைக்குழுவையும் கலக்க அவர் முயலவில்லை. பெரும்பாலும் ஒருவர் பேசும்போது மற்றவர் ஒதுங்குகிறார். பெரிய இசைக்குழுவுக்கு அதுதான் சரி என்று நினைக்கிறேன். நான்கு தந்தி வாத்தியங்கள் மட்டும் என்றால் கலக்கலாம், நாங்கள் இறங்கிவரத் தயாராக இருந்தால்.

ஒலிப்பதிவுக்கூடங்களில் இன்னொரு கூத்து. ஒரு இடத்தில் குழலின் மூச்சிரைச்சலை 'சுத்தம்' செய்து அனுப்பியிருந்தார்கள். முராய்கி என்று வேண்டுமென்றே காற்றை வாரியடிக்கும் இடமும் அதோடு போய்விட்டது. திரும்பப் போடச் சொல்ல வேண்டியிருந்தது.

சமீபத்தில் ஒரு இளம் இசையமைப்பாளர் டி மேஜர் என்ற ஸ்வரவரிசையில் எழுதிக்கொண்டு வந்தார். வயலின்காரர்களுக்குப் பிடித்த வரிசை. திறந்த தந்திகள் கணீரென்று பேசும். குழலுக்கோ அதன் ஏழு ஸ்வரங்களில் நான்கு மங்கல். சென்செய் ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து இரண்டு ஷாகு ஒரு சுன் குழலை எடுத்தார். அதன் திறந்த ஸ்வரங்கள் பி, டி, ஈ, எஃப் ஷார்ப், ஏ. டி மேஜரின் ஏழில் ஐந்து நேராகக் கிடைத்துவிடும். ஆனால் குழல் நீளம், துளைகள் எட்ட எட்ட, வேகமான இடங்களில் விரல் திணறும், ஒலியும் கருமை. இரண்டாவது பக்கத்தின் ஓட்டங்களை இளைஞர் வயலினுக்கு மாற்றிக்கொடுத்தார். குழல் இறங்கி என் இடத்துக்கே வந்துவிட்டதால் என் பாகத்தைச் சி தந்திக்குத் தள்ளினோம். அங்கே இருவரும் இடிக்காமல் வாசிக்கலாம்.