ஓனிங் மஹோனி: வவுச்சரில் நடக்கிற திருட்டு

துப்பாக்கி கிடையாது, கார் துரத்தல் கிடையாது. ஆனாலும் க்ரைம் படம்தான். மன்னார்குடிப் பக்கம் நகைக்கடன் கவுண்டரிலேயே பாதி சர்வீஸை ஓட்டியவன் நான். எனக்கு இதைவிடத் திகில் படம் வேண்டாம்.

2003இல் வந்த கனடா படம். 1980க்கும் 82க்கும் நடுவில் டொரன்டோ வங்கி உதவி மேலாளர் பிரையன் மொலோனி ஒரு கோடி டாலருக்கு மேல் சுருட்டிய உண்மைக் கதை. படத்தில் அவர் பெயர் மஹோனி. நடித்திருப்பவர் பிலிப் சீமோர் ஹாஃப்மேன். பந்தயம் பிடிக்கிற புக்கிக்குத் தரவேண்டிய பத்தாயிரம் டாலர் சொச்சத்தில் ஆரம்பிக்கிறது. இல்லாத ஆள் பேரில் லோன், அதற்கொரு கையெழுத்து. எல்லாம் ஆபீஸ் நேரத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டே. (காதலியாக வரும் மின்னி டிரைவருக்கு அந்த விக்கை மாட்டியவரைத்தான் முதலில் உள்ளே போட வேண்டும்.)

அட்லாண்டிக் சிட்டி கேசினோ மேனேஜர் என்னென்னவோ உபசாரம் செய்து பார்க்கிறார். மஹோனி கேட்பதோ சாஸ் இல்லாமல் ரிப்ஸ், ஒரு கோக். பணத்துக்காக ஆடுகிறவன் என்றால் ஜெயித்ததும் எழுந்திருப்பானே! இவர் எழுந்திருக்க மாட்டார்.

குறுவை அறுத்து நெல்லுப் பணம் வந்ததும் எங்கள் கவுண்டரில் நகை திருப்ப நெரிசலாக இருக்கும். வடுவூர்ப் பக்கம் உரக்கடை வைத்திருந்த ஒருவரும் வருவார். மனைவியின் ஆரத்தைத் திருப்புவார். அந்த வாரமே அதே ஆரம் மறுபடி தராசுக்கு வரும். முதலில் மனமகிழ் மன்றத்தில் சீட்டு, பிறகு போனில் ரம்மி. “இந்தத் தடவ விட்டதப் புடிச்சிருவேன் சார்” என்பார். குரலில் துளி பதற்றம் இருக்காது. ஆரம் கடைசியில் முழுகித்தான் போனது. லாட்டரியை இங்கே தடை செய்தது 2003இல். காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடு முழுக்கத் தடைச் சட்டம் வந்தது 2025இல்தான். அதற்குள் எத்தனை ஆரம்!

நம் படங்களில் சூதாடி என்றால் கூலிங் கிளாஸ், பின்னணியில் விசில். ஹாஃப்மேன் ஜெயிக்கும்போதும் ஃபைல் பார்க்கிற முகத்தோடுதான் இருக்கிறார். உரக்கடைக்காரர் முகமும் அதுவேதான்.

கடைசியில் மனநல ஆலோசகர் கேட்கிறார்: சூதாட்டக் கிளர்ச்சிக்கு நூற்றுக்கு எத்தனை? நூறு. அதை விட்டால் வாழ்க்கையில் கிடைத்த பெரிய கிளர்ச்சிக்கு? இருபது. மிச்ச காலத்தை இருபதில் ஓட்டிவிட முடியுமா என்றதற்கு, முடியும் என்கிறார். கல்யாணம், குழந்தை, அறுவடை எதற்குமே இருபதைத் தாண்டி மார்க் போடத் தெரியாத ஒருவரிடம், “ஆரத்தை மூழ்க விட்டுராதீங்க சார்” என்று வருஷக்கணக்கில் புத்தி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.