தலைக்கு ஒரு நியாயம், தாடிக்கு ஒரு நியாயம்

"தலைக்கு ரெண்டு நிமிஷம் போதும் சார், தாடிக்குத்தான் நேரம் இழுக்குது" என்பார் சலூன் அண்ணன். நாற்பதைத் தாண்டியதும் என் உச்சியில் வழுக்கை விழுந்தது. தாடியோ காடாக அடர்ந்தது.

இரண்டுக்கும் ஒரே ஹார்மோன்தான் காரணம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டி.எச்.டி.யாக மாற்றும். அது இன்னும் வீரியமான ஆண் ஹார்மோன். மயிர்க்காலின் அடிக்குமிழில் இருக்கும் டெர்மல் பாப்பில்லா செல்கள் அதை வாங்கிக்கொள்கின்றன. தாடைப் பக்கத்துச் செல்கள் உடனே ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிப் புரதத்தைச் சுரந்து முடியைத் தடிக்க வைக்கும். உச்சந்தலைச் செல்களோ அதே ஹார்மோனுக்கு டி.ஜி.எஃப்-பீட்டா 1 என்ற வேறொரு புரதத்தைச் சுரந்து வளர்ச்சிக்குத் தடை போடும். வருஷக்கணக்கில் வளர வேண்டிய முடி சில மாதங்களிலேயே உதிரும். ஒவ்வொரு சுற்றிலும் மயிர்க்கால் சிறுக்கும். செல்போன் டார்ச் அடித்து என் மண்டையைக் கண்ணாடியில் பார்த்தேன். மொட்டை என்று நினைத்த இடத்தில் நிறமில்லாத பூனைமுடி படர்ந்திருந்தது. ஆக, மயிர்க்கால்கள் செத்துவிடவில்லை.

வழுக்கைக்கு ஆண் ஹார்மோன் வேண்டும் என்பதை 1942-லேயே அமெரிக்க உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் காட்டிவிட்டார். பருவம் வருமுன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு விழுந்தது. ஹார்மோன் மட்டும் போதாது, பரம்பரையும் வேண்டும். ஹார்மோனை வாங்கும் ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில், அதாவது அம்மா வழியில் வருகிறது. தாய்மாமனைப் பழிப்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அப்பா வழி மரபணுக்களுக்கும் பங்கு இருப்பதால் எனக்கு இரண்டு பக்கமும் அடி.

தாடிக்கதை இன்னும் சுவாரசியம். 1970-ல் 'நேச்சர்' இதழில் பெயர் போடாமல் ஒருவர் எழுதினார். வாரக்கணக்கில் தீவில் தனியாக இருந்தவர், தினமும் சவரம் செய்த முடியை எடை போட்டிருக்கிறார். ஊருக்குக் கிளம்ப இருந்த சமயத்தில், துணையைப் பார்க்கப்போகும் நினைப்பிலேயே எடை கூடியதாம்! ஆண் ஹார்மோன் வேலைதான் என்பது அவர் ஊகம். விஞ்ஞானம் இப்படியும் நடக்கும்.

டி.எச்.டி.யை உண்டாக்கும் அந்த நொதியைத் தடுக்கும் வழுக்கை மருந்தான ஃபினாஸ்டிரைடு 1 மி.கி. மாத்திரைக்கு 1997-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நிறுத்தினால் பலனும் போய்விடும், பக்கவிளைவும் உண்டு. டாக்டரைக் கேட்காமல் தொடுவதாக இல்லை.

பின்மண்டை முடியை முன்னே நட்டால் அது உதிராத தன் பழைய குணத்தோடே வளரும் என்று 1959-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் எழுதினார். முடி நடும் சிகிச்சையே அதன் மேல்தான் நிற்கிறது. மச்சான் தாடியை எடுத்து மண்டையில் நடச் சொல்கிறான். அப்படியும் செய்கிறார்கள். ஆனால் உச்சிக்குப் போனாலும் அது தாடியாகவே முரட்டுத்தனமாக நிற்கும். சலூன் அண்ணனுக்கு இரட்டை வேலை.