மாகாணம் பிரிந்தபோது எங்கள் கந்தோர்

இலங்கையின் வடக்கு கிழக்கு மாகாண இணைப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2006 ஒக்ரோபர் 16இல். அப்போது திருகோணமலையில் மாகாணத் திணைக்களம் ஒன்றில், ஊழியர்களின் கோவைகளைப் பார்க்கும் தாபனப் பிரிவில் எனக்கு வேலை. கந்தோர் முழுக்க அரசியல் பேச்சாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் என் மேசைக்கு வந்தவர்கள் கேட்டது வேறு: "தம்பி, என்ர கோவை எந்தப் பக்கம் போகும்?"

கேள்வி நியாயமானது. 1988இல் இணைத்த மாகாணம் அது. தெரிவான சபை 1990இல் கலைந்தபின் ஆளுநரும் அதிகாரிகளுமே நிர்வாகத்தை ஓட்டினார்கள். இத்தனை வருடத்தில் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் மூதூரில் பெண் எடுத்திருப்பார். மட்டக்களப்புக்காரர் வவுனியாவில் வீடு கட்டியிருப்பார். பட்டியலைப் பிரித்தால் சேவைமூப்பு என்ன ஆகும்? ஒரு பக்கம் நின்றால் பதவியுயர்வு கிட்டே வரும், மறுபக்கம் போனால் பத்துப் பேருக்குப் பின்னால். விருப்பம் கேட்பார்களாம் என்று ஒரு கதை, கேட்காமலே மாற்றுவார்களாம் என்று இன்னொரு கதை. போதாக்குறைக்கு ஓகஸ்டிலேயே ஏ9 பாதை மூடியாயிற்று; யாழ்ப்பாணம் போவதென்றால் இங்கிருந்து கப்பல்தான்.

வேலை நிற்கவில்லை, மந்தமாயிற்று. முடிவெடுக்க வேண்டிய கடிதங்களில் "பின்னர் பார்ப்போம்" என்ற குறிப்பு கூடியது. நியமனக் கடிதம், நிரந்தரமாக்கல் கடிதம், சம்பள ஏற்றப் படிவம் என்று ஆளாளுக்குப் பிரதி எடுத்தார்கள். ஓய்வை நெருங்கிய ஒரு ஐயாவுக்கு, ஓய்வூதியம் கொழும்பிலுள்ள ஓய்வூதியத் திணைக்களம் தருவது, மாகாணம் பிரிந்தாலும் அது அசையாது என்று விளக்கினேன். தலையாட்டினார். மறுநாளும் வந்து கேட்டார்.

பிறகு ஹொங்கொங் பற்றி வாசித்தபோது அவரைத்தான் நினைத்தேன். அங்கே மாறியது நாட்டின் இறைமையே. எங்களுக்கு வெறும் மாகாண எல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் 1997இல் பிரித்தானியாவிடமிருந்து சீனாவுக்குக் கைமாறவிருந்த அந்த ஊரின் அரச ஊழியருக்கு, வேலை தொடரும், சம்பளமும் ஓய்வூதியமும் முன்னையதைவிடக் குறையாது என்று இரு நாடுகளும் செய்த 1984 கூட்டுப் பிரகடனத்திலேயே எழுதிக்கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகும் 50,000 குடும்பத் தலைவர்களுக்குப் பிரித்தானியக் குடியுரிமை கொடுக்கும் திட்டம் ஒன்று தேவைப்பட்டது. அரச ஊழியர்களும் அதற்கு விண்ணப்பித்தார்கள். பதின்மூன்று வருட அவகாசமும் எழுத்திலான உறுதியும் இருந்த இடத்திலேயே அப்படி. எங்களுக்குக் கிடைத்தது இரண்டரை மாதம். அதிலும் மேலிடம் வாய் திறக்கவில்லை. கெட்ட செய்தி என்றாலும் யாராவது முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சனம் தாங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

2007 ஜனவரி 1இல் மாகாணங்கள் இரண்டாயின. ஆனால் வடக்கு நிர்வாகம் உடனே மூட்டை கட்டவில்லை. சில வருடங்கள் திருகோணமலையிலேயே, வரோதயநகரில் இருந்துதான் இயங்கியது. அடுத்த மாதமே யாழ்ப்பாணம் என்று பயந்து வாடகை வீட்டைக் கைவிட்ட ஒருவர், அதே தெருவில் கூடின வாடகைக்கு வேறு வீடு தேட வேண்டியதாயிற்று.