குற்றாலச் சாரலில் ஒரு கையெழுத்து

ஐந்தருவியில் குளிப்பதற்காகப் பாளையங்கோட்டையிலிருந்து விடியற்காலையிலேயே புறப்பட்ட நாங்கள், அருவிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து மணியாகியிருந்தது. பகலின் பெரும்பகுதியை ஒரு விடுதியின் குளிரூட்டிய அரங்கில், வட்ட மேசை ஒன்றின் முன் உட்கார்ந்தே கழித்துவிட்டோம். அங்கிருந்து எழுந்தபோது, ஆண்டுக்கு ஏழு இரவு வீதம் 25 ஆண்டுகள் தங்கும் உரிமை தரும் டைம்ஷேர் திட்டம் ஒன்றில் கையெழுத்திட்டு, முதல் தவணையாக 36,000 ரூபாயைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தோம். நான் பள்ளி ஆசிரியை; என் கணவர் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கர். எழுத்தும் எண்ணும் தெரிந்த இருவர் நான்கே முக்கால் மணி நேரத்தில் அந்த முடிவுக்கு எப்படிக் கொண்டுசெல்லப்பட்டோம் என்பதை, நினைவு மங்குமுன் எழுதிவைக்க விரும்புகிறேன்.

திருநெல்வேலியில் நடந்த ஒரு பொருட்காட்சியில்தான் இது தொடங்கியது. வாசலருகே நின்ற இளைஞர்கள் நீட்டிய குலுக்கல் சீட்டில் பெயர், கைப்பேசி எண், மாத வருமானம், திருமணமானவரா என்ற விவரங்களை என் கணவர் நிரப்பிப் பெட்டியில் போட்டார். ஒரு குலுக்கலுக்கு மாத வருமானம் எதற்கு என்று அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. மூன்று வாரங்கள் கழித்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, எங்களுக்கு மூன்று இரவு தங்கும் கிஃப்ட் வவுச்சர் விழுந்திருப்பதாகவும், குற்றாலத்தில் ஒரு மணி நேர நிகழ்ச்சியில் கலந்துகொண்டு அதைப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கணவன் மனைவி இருவரும் வர வேண்டும், அடையாள அட்டையும் கிரெடிட் கார்டும் கொண்டுவர வேண்டும் என்பதை மட்டும் இரண்டு முறை வலியுறுத்தினார். சாரல் காலம், சனி ஞாயிறு விடுமுறை, பிள்ளைகளும் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஒப்புக்கொண்டோம்.

காலையில் செங்கோட்டை செல்லும் பயணிகள் ரயிலில் ஏறினோம். சேரன்மகாதேவி தாண்டியதும் கார் பருவத்து நடவு முடிந்த வயல்கள் இருபுறமும் பச்சையாக விரிந்தன. கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையில் தாமிரபரணியைக் கடக்கும்போது பிள்ளைகள் இருவரும் சன்னலோரத்துக்குச் சண்டையிட்டார்கள். கீழக்கடையம் வந்தபோது மலை மேகத்துக்குள் போயிருந்தது. தென்காசியில் இறங்கிய உடனே முகத்தில் அடித்த அந்த ஈரக்காற்றுக்காகவே ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பக்கம் வரலாம். காலைச் சிற்றுண்டியை அங்கேயே முடித்துக்கொண்டு குற்றாலம் போய், பதினொரு மணிக்கு அந்த அரங்கில் இருந்தோம்.

பிள்ளைகளை முதலில் வேறோர் அறைக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே கேரம் பலகையும் வண்ணப் பென்சில்களும் இருந்தன. அதை அப்போது அன்பான ஏற்பாடு என்றே எண்ணினேன். பிள்ளைகள் அழுதாலோ பசி என்றாலோ எழுந்து போகப் பெற்றோருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும் என்பதும், அந்தக் காரணம் எங்களிடமிருந்து முதலிலேயே எடுக்கப்பட்டுவிட்டது என்பதும் பின்னால்தான் புரிந்தது. அரங்கில் ஏறக்குறைய இருபது மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தம்பதி, எதிரே ஒரு பிரதிநிதி. அடுத்த மேசையில் பேசுவது கேட்காத அளவுக்குப் பாட்டுச் சத்தம். எங்கள் மேசைக்கு வந்த இளைஞர், "வாங்க அண்ணாச்சி, உக்காருங்கக்கா. எனக்கும் நம்ம வீரவநல்லூர்தான்" என்றார். காப்பி வந்தது, பிஸ்கட் வந்தது. என் கணவரின் ஊர், தெரு, படித்த பள்ளி எல்லாம் விசாரித்தார். முதல் அரை மணி நேரத்தில் விற்பனை என்ற பேச்சே எழவில்லை.

"அக்கா, நீங்க சொல்லுங்க, பிள்ளையளக் கூட்டிட்டுக் கடைசியா எப்ப வெளியூர் போனீங்க?" என்று அவர் கேட்டபோது, எனக்குச் சற்றுக் குற்றவுணர்வே வந்தது. ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓய்வு வேண்டும்தானே, பிள்ளைகள் நான்கு ஊர் பார்க்க வேண்டும்தானே, உடல்நலம் போனால் பணம் இருந்து பயனில்லைதானே என்று அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் "ஆமாம்" என்பதைத் தவிர வேறு விடை இல்லை. அத்தனை "ஆமாம்"களையும் சொன்ன பிறகு விலை என்று வரும்போது "இல்லை" என்பது, ஏதோ நாமே நம் பேச்சை மாற்றுவதுபோல் இருக்கிறது. அந்தக் கேள்விகள் அதற்காகவே அடுக்கப்பட்டவை.

பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். ஓர் இரவுக்கு அறை வாடகை 8,000 ரூபாய்; ஏழு இரவுக்கு 56,000; ஆண்டுக்கு 10 சதவீதம் வாடகை ஏறினால் 25 ஆண்டுகளில் நாங்கள் செலவிடப்போவது 55 லட்சத்துக்கு மேல். அந்தத் தொகையைப் பெரிதாக எழுதி வட்டமிட்டார். அதன் பக்கத்தில் திட்டத்தின் விலை 5,40,000 என்று எழுதியபோது, அது சிறிதாகத்தான் தெரிந்தது. எங்கள் குடும்பம் எந்த ஆண்டிலும் அறை வாடகைக்கு 56,000 ரூபாய் செலவிட்டதில்லை என்பதை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. இடையிடையே எங்கோ ஒரு மேசையில் கைதட்டல் எழும். "நம் குடும்பத்தில் புதிதாக இணைந்தவர்களை வரவேற்போம்" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டுவோம்.

எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்லிப் பழகியதில்லை. "பார்ப்போம்" என்போம், "வீட்டில் கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்" என்போம். கேட்டவருக்கும் அதன் பொருள் தெரியும், இருவர் மரியாதையும் குறையாது. கணவனும் மனைவியும் சேர்ந்தே வர வேண்டும் என்ற நிபந்தனை இந்த வழியை அடைத்துவிடுகிறது. என் கணவர் வழக்கப்படி "கலந்து பேசணும்" என்று தொடங்கியதும், "அதுக்கென்ன அண்ணாச்சி, அக்கா இங்கதான் இருக்காங்க, பேசுங்க, நான் அஞ்சு நிமிஷம் தள்ளி நிக்கேன்" என்று எழுந்து, கூப்பிடு தூரத்தில் நின்றார். "கையில் பணம் இல்லை" என்றதற்குத் தவணை இருந்தது. "யோசித்து அடுத்த வாரம் சொல்கிறோம்" என்றதற்கு, இந்த விலை இன்று மாலை வரைதான் என்ற பதில் இருந்தது. நம் ஊரின் மரியாதையான மறுப்புச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் முன்பே பயின்ற விடை இருந்ததைக் கண்டபோது, எனக்குள் ஏதோ சோர்ந்துபோனது.

கடைசியாக மேலாளர் என்று ஒருவர் வந்தார். எங்களுக்காகவே தலைமையகத்தில் பேசியதாகச் சொல்லி 4,50,000 ஆக்கினார். நாங்கள் தயங்க, ஒருவர் ரத்து செய்த உறுப்பினர் எண் ஒன்று இருப்பதாகக் கூறி 3,60,000 என்றார். 36,000 இப்போது, மீதி மாதம் 13,500 வீதம் 24 மாதம், வட்டி கிடையாது. மணி மூன்றரை, பசி, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்ற கவலை, இத்தனை நேரம் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு இத்தனை பேரைப் பேசவைத்தோமே என்ற கூச்சம். படிவத்தை அறைக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு மறுநாள் காலை தரலாமா என்று நான் கேட்டேன். கையெழுத்தில்லாமல் தாள் வெளியே போகக்கூடாது என்பது விதி என்றார் மேலாளர். அந்த ஒரு பதிலிலேயே நான் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. என் கணவரின் கைப்பேசிக்கு ஓடிபி வந்தது, அவர் சொன்னார், எங்களுக்கும் கைதட்டினார்கள்.

ஐந்தருவியில் அன்று ஐந்து கிளைகளும் நிறைந்து விழுந்தன. பெண்கள் பகுதியில் வரிசை நகர்ந்து, தண்ணீர் தலையில் இறங்கியபோதும் என் மனம் மேசையிலேயே இருந்தது. எத்தனையோ ஆண்டுகளாக அந்த நீரடியில் நின்றால் வேறெதுவும் நினைவில் நிற்காது என்று நான் நம்பியிருந்தவள்.

இரவு, 2,500 ரூபாய் வாடகைக்கு எடுத்திருந்த லாட்ஜ் அறையில் பிள்ளைகள் தூங்கிய பிறகு, ஒப்பந்தத்தை இருவரும் வரிவரியாகப் படித்தோம். ஆண்டை நான்கு நிறங்களாகப் பிரித்திருந்தார்கள். எங்களுக்கு விற்கப்பட்ட நிறத்தில் ஏப்ரல், மே மாதங்களும், காலாண்டு, அரையாண்டு விடுமுறை நாட்களும் இல்லை. ஓர் ஆசிரியைக்கும் பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஊர் போக முடிந்த நாட்கள் ஏறக்குறைய எல்லாமே விலை கூடிய மேல் நிறத்தில் இருந்தன. அறை, காலியிடம் இருந்தால் மட்டுமே. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 15,000 ரூபாய், தங்கினாலும் தங்காவிட்டாலும் கட்ட வேண்டும், நிறுவனம் அதை உயர்த்தலாம். எப்போது வேண்டுமானாலும் நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்று அரங்கில் சொன்னார்களே, தாளிலோ நிறுவனம் திரும்ப வாங்காது என்று இருந்தது. பிரதிநிதி வாய்மொழியாகக் கூறிய எதுவும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்ற வாக்கியத்துக்குக் கீழேதான் எங்கள் கையெழுத்து இருந்தது. கிஃப்ட் வவுச்சரையும் பிரித்தோம்: 45 நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும், வார இறுதி கிடையாது, உணவுக் கட்டணம் கட்டாயம்.

என் கணவர் லாட்ஜ் ரசீதின் பின்பக்கத்தில், அந்த இளைஞர் போட்ட அதே கணக்கைப் பராமரிப்புக் கட்டணத்துக்குப் போட்டுப் பார்த்தார். 15,000 ரூபாய் ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறினால் 25 ஆண்டுகளில் 14 லட்சத்து 75 ஆயிரம். வாடகை ஏறும் என்று சொன்னவர் கட்டணம் ஏறுவதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. 3,60,000 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு வைப்புநிதியில் போட்டால் ஆண்டுக்கு 25,200 வரும்; அதனுடன் முதலாண்டுப் பராமரிப்பையும் கூட்டி ஏழால் வகுத்தால், ஓர் இரவுக்கு 5,700 ரூபாய்க்கு மேல். அந்த லாட்ஜ் அறையில் இரண்டு இரவு தங்கிச் சாப்பிடவும் அது போதும். முதலும் நம் கையிலேயே இருக்கும்.

பதினொன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது: கையெழுத்திட்ட பத்து நாட்களுக்குள் எழுத்து மூலம் கேட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், கட்டிய பணம் திரும்பும். இளைஞரும் சொல்லவில்லை, மேலாளரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பாளையங்கோட்டைத் தபால் நிலையத்திலிருந்து ரத்துக் கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அதன் நகலையும் ரசீதையும் மின்னஞ்சலிலும் அனுப்பினோம். அதற்குப் பிறகு நடந்ததும் விற்பனையின் பகுதியே என்று இப்போது தெரிகிறது. மூன்றாம் நாள் ஒருவர் அழைத்து மேலும் 50,000 ரூபாய் குறைப்பதாகச் சொன்னார். அன்று மாலையோடு முடியும் என்ற விலை அதற்கும் கீழே இறங்க முடிந்தது. இன்னொருவர், நேரில் வந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தேதி கொடுத்தார். நாள்காட்டியைப் பார்த்தால் அது பன்னிரண்டாம் நாள். நாங்கள் போகவில்லை. தொலைபேசியில் எதையும் பேசாமல், எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டோம். ஒரு மாதமாகியும் பணம் வராததால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். 52ஆம் நாள் 36,000 ரூபாயும் கணக்குக்குத் திரும்பியது.

1960களில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் தொடங்கிய இந்த முறைக்கு, அங்கே இப்போது ஒரு வேலி இருக்கிறது: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு நெறியுரை, வாங்கியவருக்கு 14 நாள் விலகும் உரிமை தருவதோடு, அந்த நாட்களில் முன்பணம் வாங்குவதையே தடை செய்கிறது. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆயுள் காப்பீட்டுப் பாலிசி வாங்கினால்கூட 30 நாள் படித்துப் பார்த்துத் திருப்பித் தரலாம். 25 ஆண்டு விடுமுறைக்கு அந்த உரிமை, நிறுவனம் ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உண்டு. எங்கள் ஒப்பந்தத்தில் அந்தப் பத்தி இருந்தது எங்கள் நல்வாய்ப்பு. அந்த வீரவநல்லூர் இளைஞர்மீது எனக்குக் கோபம் இல்லை. கையெழுத்து விழுந்தால்தான் தமக்கு ஊதியம் என்று அவரே பேச்சினிடையே சொன்னார். அண்ணாச்சி, அக்கா என்ற சொற்களை மேசைமேல் வைக்கும் கருவியாக்கி அவர் கையில் கொடுத்தவர்கள்மீது கோபம் இருக்கிறது.

இதையெல்லாம் பள்ளியில் சொன்னபோது, உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் மறுநாள் ஒரு கோப்பைக் கொண்டுவந்து காட்டினார். ஓர் ஆண்டுக்கு முன் அவர் குடும்பமும் கையெழுத்திட்டிருக்கிறது. மூன்று முறை கேட்டும் மே மாதத்தில் அறை கிடைக்கவில்லை. பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் வருகிறது. பத்து நாள் எப்போதோ கடந்துவிட்டது. ஆனால், "மே மாதம் கட்டாயம் கிடைக்கும்" என்று பிரதிநிதி வாட்ஸ்அப்பில் எழுதிய செய்தியை அவர் அழிக்காமல் வைத்திருந்தார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எங்கிருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். அவருக்கு இன்னும் பதினோரு மாதம் இருந்தது. இருவரும் உட்கார்ந்து தேதிவாரியாகப் புகாரை எழுதி, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்தோம். அடுத்த வாய்தா வரும் மாதம். அன்றைக்கு நானும் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.