பன்டரின் பணிவாழ்வை ஆய்வுக்கு எடுப்போருக்கு: ரே கய் குறித்த எனது படிப்பனுபவம்

விளையாட்டு மேலாண்மை முதுநிலைப் படிப்பின் இறுதி ஆய்வேட்டுக்கு, அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எதிரணியின் பக்கம் தொலைவாக உதைத்து அனுப்பும் வீரரான பன்டர் ரே கய்யின் பணிவாழ்வைத் தலைப்பாக எடுத்து, வாய்மொழித் தேர்வு வரை சென்று வந்தேன். தனி வீரர் ஒருவரைப் பற்றி ஆய்வேடு எழுத எண்ணும் மாணவர்களுக்கு உதவும் என்று நம்பி, அந்தப் படிப்பை நடத்திய முறையை இங்கே எழுதுகிறேன். பெரும்பாலோர் அணியின் தாக்குதலை வழிநடத்திப் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குகளைத்தான் நாடுகிறார்கள். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் உள்ள 32 அணிகளும் பொதுவாக அணிக்கு ஒரு பன்டரையே வைத்துக்கொள்வதால், கல்லூரியிலிருந்து அங்கே போய்ச் சேரும் வழி மிகக் குறுகலானது. அந்த வழியில் ஒருவர் எப்படிச் சென்றார் என்பதை ஆராய்வது, நூறு பேர் எழுதிய தலைப்பைத் திரும்ப எழுதுவதைவிடப் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

விதியை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். நான்கு முயற்சிகளில் 10 யார்டு முன்னேறாத அணி பந்தை இழக்கும் என்பதால், நான்காவது முயற்சியில் பன்டர் பந்தைக் கையிலிருந்து விட்டு, தரையைத் தொடுமுன் உதைத்து, எதிரணியின் ஆட்டம் எவ்வளவு தொலைவில் தொடங்க முடியுமோ அவ்வளவு தொலைவில் தொடங்கச் செய்கிறார்.

அடுத்தது காலவரிசை. ஜார்ஜியாவைச் சேர்ந்த ரே கய், 1970 முதல் 1972 வரை சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஆடினார். பன்டராக மட்டுமன்றிப் பாதுகாப்பு வரிசையிலும் நின்று 18 முறை எதிரணியின் பந்தை இடைமறித்துப் பிடித்திருக்கிறார். 1972இல் ஓல் மிஸ் எனப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழக அணிக்கு எதிராக 93 யார்டு உதைத்திருக்கிறார். என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1973இல் ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணி அவரை 23ஆவது இடத்தில் தேர்ந்தெடுத்தது. பன்டர் ஒருவர் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டது அதுவே முதல்முறை. 1986 பருவம் வரை அதே அணியில் ஆடி என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை மூன்று முறை வென்றார். சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடம் கிடைத்ததோ 2014இல்தான். ஓய்வுக்கும் அந்தப் பெருமைக்கும் இடையே கால் நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி ஏன் என்பதையே நான் ஆய்வுக் கேள்வியாக வைத்தேன். பிறப்பு, படிப்பு, விருது என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனால் வாழ்க்கைக் குறிப்புதான் கிடைக்கும். இப்படி ஒரு கேள்வி இருந்தால்தான் அது ஆய்வேடாகும்.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் புள்ளிவிவரம். என்எஃப்எல்லில் 1,049 முறை உதைத்த கய்யின் சராசரி 42.4 யார்டு. அதே அணிக்கு 2000இல் வந்து 2017 வரை என்எஃப்எல்லில் ஆடிய ஷேன் லெக்லரின் சராசரி 47.6 யார்டு. இந்த இரண்டு எண்களை மட்டும் அருகருகே வைத்தால் கய் சாதாரணமானவராகத் தோன்றுவார். அவரைக் குறைத்து மதிப்பிட்டவர்களின் வாதமும் இதுபோன்ற ஒப்பீட்டில்தான் நின்றது. ஆனால் மொத்தத் தொலைவு ஒரு பன்டரின் திறனை முழுமையாகக் காட்டாது. 100 யார்டு மைதானத்தில் கோடுகள் அந்தந்த அணியின் முனையிலிருந்து எண்ணப்படும். தம் அணியின் 40 யார்டுக் கோட்டிலிருந்து ஒருவர் 60 யார்டு உதைத்து, பந்து எதிர்முனையிலுள்ள இலக்குப் பகுதிக்குள் போய்விட்டால், விதிப்படி எதிரணி தன் 20 யார்டுக் கோட்டில் தொடங்கும். நிகரப் பயன் 40 யார்டுதான். அதே இடத்திலிருந்து 50 யார்டு மட்டுமே உதைத்து, எதிரணி வீரர் 10 யார்டுக் கோட்டிலேயே பந்தைப் பிடித்து அங்கேயே நிற்கும்படி செய்தவர், கணக்கில் குறைந்தவராகத் தெரிந்தாலும், அணிக்குச் செய்த நன்மை பெரிது.

இந்த இடத்தில் பதிவேடுகளின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். எதிரணியின் 20 யார்டுக் கோட்டுக்குள் விழுந்த உதைகளை என்எஃப்எல் 1976 முதல்தான் கணக்கிட்டது. ஆகவே கய்யின் முதல் மூன்று பருவங்கள் அந்தக் கணக்கில் இல்லை. அவை இல்லாமலேயே அவருக்கு 210 உதைகள் பதிவாகியுள்ளன. அட்டவணையை எடுத்து ஒட்டுவதற்கு முன், அது எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் பதிவேட்டு எண்களுக்கு அடங்காதது, பந்து காற்றில் நிற்கும் நேரம். கய்யின் புகழ் பெரிதும் இதில்தான் இருக்கிறது. 1976 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம் உள்ளரங்கில் நடந்த, என்எஃப்எல்லின் நட்சத்திர வீரர்கள் ஆடும் புரோ பவுலில் அவர் உதைத்த பந்து, கூரையிலிருந்து தொங்கிய திரையில் போய் மோதியது. பந்து அதிக நேரம் மேலே நின்றால் சக வீரர்கள் ஓடிச் சென்று எதிரணியினரைச் சூழ்ந்துகொள்ள முடியும். பழைய ஆட்டப் பதிவுகளைப் பார்க்கையில் கையில் நிறுத்துகடிகாரம் வைத்துக்கொண்டு, கால் பந்தைத் தொட்டதிலிருந்து எதிரணி வீரர் பிடிக்கும் வரை அளந்து பாருங்கள். 45 யார்டு செல்லும் பந்து நாலரை விநாடி மேலே நின்றால் அது நல்ல உதை. இந்த அளவீடே எனது ஆய்வேட்டின் மிக உயிர்ப்பான அத்தியாயமாயிற்று.

ஆய்வுக்கு எடுத்தவர் சறுக்கிய நாளையும் எழுதுங்கள். 1977 ஜனவரியில் பாசடீனாவில் நடந்த சூப்பர் பவுலில், மினசோட்டா வைக்கிங்ஸின் ஃப்ரெட் மெக்நீல் கய்யின் உதையைத் தடுத்துவிட்டார். ரெய்டர்ஸ் பந்தை விரைவில் மீட்டு 32–14 என்று வென்றனர் என்பதால் அதை விட்டுவிடக் கூடாது. ஏழாண்டுகளுக்குப் பின் டாம்பாவில் நடந்த சூப்பர் பவுலில், உதைப்பதற்காகச் சக வீரர் பின்னால் எறிந்து, தலைக்கு மேலே போன பந்தை கய் எம்பி ஒற்றைக் கையால் பிடித்து உதைத்ததன் அருமை, அந்தத் தடுப்பையும் அறிந்தவருக்கே முழுதாகப் புரியும்.

கல்லூரி ஆட்டத்தையும் தொழில்முறை ஆட்டத்தையும் ஒரே அளவுகோலால் அளக்காதீர்கள். என்எஃப்எல்லில் பந்து உதைக்கப்படும் வரை, உதைக்கும் அணியில் இரு ஓரங்களிலும் நிற்பவர்கள் மட்டுமே ஆட்டம் தொடங்கும் கோட்டைத் தாண்டி ஓடலாம். கல்லூரியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் பக்கவாட்டில் ஓடியபடி உதைக்கும் ரக்பி பாணி கல்லூரியில் தழைத்தது. சிட்னியிலிருந்து வந்து டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆடிய மைக்கேல் டிக்சன், கய்யின் பெயரிலேயே வழங்கப்படும் விருதை 2017இல் பெற்று, அடுத்த ஆண்டு சியாட்டில் சீஹாக்ஸில் சேர்ந்தார். இந்த வேறுபாட்டை ஆராய அவரது ஆட்டம் மிக ஏற்றது.

வாய்மொழித் தேர்வில், பன்டர் ஒருவருக்காக முதல் சுற்றுத் தேர்வைச் செலவிட்டது சரியா என்று கேட்கப்படுவது ஏறக்குறைய உறுதி. சரி என்றே வாதிட்டேன். பதினான்கு பருவங்களில் 1,049 உதைகளில் மூன்றே தடுக்கப்பட்டன. நிகரப் பயனைப் பார்க்காமல் மொத்தத் தொலைவை மட்டுமே பார்த்த காலம் நீண்டதால், அவருக்கு உரிய இடம் தாமதமாயிற்று என்று ஆதாரங்களோடு விளக்கினேன். நீங்கள் எதிர்த் தரப்பையும் எடுக்கலாம்; ஆனால் அதற்கும் சராசரியை அல்ல, நிகரக் கணக்கையே முன்வையுங்கள்.